வாடகை வீட்டை விட்டுப் போக மறுத்த துணைவர்: ஒரு நிகழ்வு ஆய்வு

வாடகை ஒப்பந்தம் ஒருவர் பெயரில் இருக்கிறது. திருமணம் செய்துகொள்ளாமல் அவருடன் சேர்ந்து வாழ்ந்த மற்றவர், உறவு முறிந்த பிறகும் வீட்டை விட்டு நகர மறுக்கிறார். தமிழ்நாட்டில் இந்தச் சிக்கலோடு வழக்கறிஞரிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பது, "அவர் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லையே, பூட்டை மாற்றிவிடலாமா?" என்பதைத்தான். சட்டம் கடைசியில் வாடகைதாரர் பக்கமே நிற்கும். ஆனால் பூட்டை மாற்றுகிற அந்த ஒரு செயல், கையில் இருக்கும் நல்ல வழக்கைத் தூக்கி எதிராளியிடம் கொடுத்துவிடக்கூடும். ஏன் என்பதையும், அதற்குப் பதிலாக என்ன செய்ய வேண்டும் என்பதையும் விரிவாகப் பார்ப்போம்.

இதில் வரும் பெண்ணும் ஆணும் குறிப்பிட்ட இருவர் அல்லர். இத்தகைய தகராறுகளில் திரும்பத் திரும்ப எழும் சூழல்களைக் கோத்து அமைத்த மாதிரி நிகழ்வு இது. சட்டப் பிரிவுகளும் தீர்ப்புகளும் உண்மையானவை.

நிலைமை

அந்தப் பெண் சென்னைப் புறநகரில் ஒரு அடுக்குமாடி வீட்டை 11 மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கு எடுத்தார். கையெழுத்திட்டவர் அவர் மட்டுமே. அட்வான்ஸ் 90,000 ரூபாய். சில மாதங்களில் அவருடைய நண்பர் அங்கே குடிவந்தார். இருவரும் திருமணமாகாதவர்கள், வயது வந்தவர்கள். ஒப்பந்தம் ஒருமுறை புதுப்பிக்கப்பட்டபோதும் பெண்ணின் பெயரிலேயே தொடர்ந்தது. அட்வான்ஸில் 40,000 ரூபாயை ஆண் தன் பங்காகப் பெண்ணின் வங்கிக் கணக்குக்கு அனுப்பியிருந்தார். மாத வாடகையில் பாதியையும் அப்படியே அனுப்பி வந்தார். இரண்டு மூன்று மாதங்கள் மட்டும், பெண் ஊரில் இல்லாததால், முழு வாடகையை நேரடியாக வீட்டு உரிமையாளருக்கே செலுத்தியிருந்தார். பின்னால் வம்பு வளர்ந்தது இந்த இடத்தில்தான்.

ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கழிந்தன. சந்தேகம், கைப்பேசியைச் சோதிப்பது, நள்ளிரவில் கத்துவது, ஒருமுறை கையை முறுக்கியது என்று நிலைமை மோசமாகிக்கொண்டே போனது. பெண்ணின் அசல் கல்விச் சான்றிதழ்களை ஆண் எடுத்துத் தன் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டார். வீட்டை விட்டுப் போகும்படி பெண் வாட்ஸ்அப்பில் எழுதினார். "நானும் வாடகை கொடுக்கிறேன், நீ வேண்டுமானால் போ" என்று பதில் வந்தது.

தோழிகள் சொன்ன யோசனை, அவர் வேலைக்குப் போன நேரத்தில் பூட்டை மாற்றிவிட்டுப் பைகளை வாசலில் வைத்துவிடு என்பது. அலுவலகத்தில் ஒருவர் சொன்னது, காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் துரத்திவிடுவார்கள் என்பது. வீட்டு உரிமையாளரோ, "இந்தத் தலைவலியே வேண்டாம், இருவரும் காலி செய்யுங்கள்" என்றார்.

பூட்டை மாற்றினால்

1963ஆம் ஆண்டின் குறித்தவகைப் பரிகாரச் சட்டம், பிரிவு 6 என்ன சொல்கிறது என்று பாருங்கள். அசையாச் சொத்தில் இருந்த ஒருவரை, அவர் சம்மதமில்லாமலும் சட்ட நடைமுறை இல்லாமலும் வெளியேற்றினால், அவர் 6 மாதத்துக்குள் வழக்குப் போட்டு மீண்டும் உள்ளே வரலாம். அந்த வழக்கில் நீதிமன்றம் யாருக்கு உரிமை என்று ஆராய்வதில்லை. இருந்தாரா, பலவந்தமாக வெளியேற்றப்பட்டாரா என்று மட்டுமே பார்க்கும். தீர்ப்புக்கு எதிராக மேல்முறையீடும் கிடையாது. வெறும் அத்துமீறிக் குடியேறியவராகவே இருந்தாலும், நிலைபெற்ற அனுபோகத்தில் இருப்பவரை, அதாவது இடத்தை நிலையாகத் தன்வசம் வைத்திருப்பவரை, சட்டத்தைக் கையில் எடுத்து வெளியேற்றக் கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் 2003இல் ராமே கௌடா வழக்கில் உறுதிப்படுத்தியது.

நண்பராக உள்ளே வந்து தங்கியவருக்கு இந்தப் பாதுகாப்பு பொருந்துமா என்று வாதிட இடமிருக்கிறது, நல்ல வழக்கறிஞர் அதை வாதிடவும் செய்வார். ஆனால் அந்த வாதத்தை எதிர்மனுதாரராக நின்று செய்வதற்கும், ஆரம்பத்திலிருந்தே மனுதாரராக நிற்பதற்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. பைகளை வாசலில் வைத்த அன்று மாலையே, "என் லேப்டாப்பைக் காணோம், பீரோவில் இருந்த நகையைக் காணோம்" என்று ஒரு புகார் கிளம்பினால், அதுவரை துன்பப்பட்டவர் காவல் நிலையத்தில் பதில் சொல்கிறவராக மாறிவிடுவார். மின்சாரத்தை நிறுத்துவது, தண்ணீரை அடைப்பது, பொருள்களைக் கீழே வீசுவது எல்லாமே இதே வகைதான்.

அவர் இல்லாத நேரத்தில் செய்ய வேண்டிய வேலை வேறு. ஒப்பந்தத்தின் பிரதி, வாடகை செலுத்திய வங்கிப் பதிவுகள், மின்கட்டண ரசீதுகள், மிரட்டல் செய்திகள், காயத்தின் படம், மருத்துவச் சீட்டு ஆகியவற்றை வீட்டுக்கு வெளியே நம்பகமான ஒருவரிடம் சேர்த்துவிட வேண்டும். செய்திகளை ஸ்கிரீன்ஷாட்டாக எடுத்து வைப்பதோடு நிறுத்தாமல், அந்தக் கைப்பேசியையும் பத்திரமாக வைத்திருப்பது நல்லது. மின்னணுச் சான்றைத் தாக்கல் செய்யும்போது 2023ஆம் ஆண்டின் சான்றுச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம், பிரிவு 63இன்படி சான்றிதழ் இணைக்க வேண்டியிருக்கும்.

அவருக்கு அங்கே என்ன உரிமை

முழு விவகாரமும் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் சுழல்கிறது. ஒரு வீட்டில் படுத்து எழுவதால் மட்டும் யாரும் வாடகைதாரர் ஆகிவிடுவதில்லை. குத்தகை என்பது அந்த இடத்தைத் தனியாக அனுபவிக்கும் உரிமையை மாற்றிக் கொடுப்பது. அனுமதி என்பது, இல்லாவிட்டால் தவறாகிவிடக்கூடிய ஒரு செயலைச் செய்துகொள்ள ஒப்புதல் தருவது மட்டுமே. 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், பிரிவு 52 இதை வரையறுக்கிறது. இரண்டையும் பிரித்தறியும் அளவுகோலை உச்ச நீதிமன்றம் 1959இல் அசோசியேட்டட் ஹோட்டல்ஸ் வழக்கில் வகுத்தது. ஆவணத்தின் தலைப்பை விட, அதில் தெரியும் நோக்கமும் தனி அனுபோகம் கொடுக்கப்பட்டதா என்பதுமே முக்கியம்.

நம் நிகழ்வில் ஆணுக்கு எந்த அறையும் தனியாக விடப்படவில்லை. பெண் அதே வீட்டில் வாழ்ந்துகொண்டே அவரையும் இருக்க அனுமதித்தார். ஆகவே அவர் அனுமதியில் இருப்பவர். பெண் வீட்டின் உரிமையாளர் இல்லையே, வெறும் வாடகைதாரர்தானே, அவர் எப்படி அனுமதி கொடுக்கவும் திரும்பப் பெறவும் முடியும் என்ற கேள்வி உடனே எழும். வசதியுரிமைச் சட்டம், பிரிவு 53, தனக்குள்ள உரிமையின் அளவுக்கு யாரும் அனுமதி தரலாம் என்கிறது. சாக்ஷிய அதினியத்தின் பிரிவு 122 இன்னும் உதவியானது. வீட்டை அனுபவித்து வரும் ஒருவரின் அனுமதியால் உள்ளே வந்தவர், வந்த நேரத்தில் அந்த ஒருவருக்கு அனுபவிக்கும் உரிமை இருந்ததைப் பின்னால் மறுக்க முடியாது. "அவள் என்ன வீட்டு ஓனரா?" என்று அவர் கேட்பது நீதிமன்றத்தில் எடுபடாது.

வாடகையில் பாதி கொடுத்தது? பெண்ணின் கணக்குக்கு அனுப்பிய பணம் வீட்டுச் செலவில் அவருடைய பங்கு. அரிசி, காய்கறிக்குக் கொடுத்த பணத்தைப் போன்றதுதான். உரிமையாளருக்கு நேரடியாகப் போன அந்தச் சில மாத வாடகைதான் கவனிக்க வேண்டியது. 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு நில உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் முறைப்படுத்தும் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி வாடகை உறவு எழுத்துப்பூர்வமான ஒப்பந்தத்தால் அமைய வேண்டும். ஒப்பந்தத்தில் பெயரில்லாதவர் இரண்டு மூன்று பணப் பரிமாற்றங்களைக் காட்டி வாடகைதாரராகிவிடுவது கடினம். ஆனாலும் அந்த வாதத்துக்கு முன்கூட்டியே அணை போட வேண்டும். பெண்ணின் தரப்பில் உரிமையாளரிடமிருந்து, "என் வாடகைதாரர் இவர் ஒருவரே, குறிப்பிட்ட மாதங்களில் வந்த தொகையை இவருடைய வாடகையாகவே பெற்றுக்கொண்டேன்" என்று ஒரு கடிதம் வாங்கினார்கள். அந்த ஒரு பக்கக் கடிதம் பின்னால் வழக்கைப் பாதியாகக் குறைத்தது. உரிமையாளரிடம் மறைத்து வைத்துக்கொண்டு இந்த வழக்கை நடத்த முடியாது. தகவல் எதிராளி வாயிலாக அவருக்குப் போவதற்கு முன் நாமே சொல்லிவிட வேண்டும்.

ஆதார் அட்டையில் அந்த முகவரி இருப்பது, எரிவாயு இணைப்பு அவர் பெயரில் இருப்பது ஆகியவை அவர் அங்கே வசித்தார் என்பதற்குத்தான் சான்று. இருக்க உரிமை உண்டு என்பதற்குச் சான்று ஆகாது. அவர் வாங்கிப் பொருத்திய ஏசி அவருடையது, கழற்றிக்கொண்டு போகலாம். நிரந்தரமான கட்டுமான வேலையைச் சொந்தச் செலவில் செய்திருந்தால் அனுமதியைத் திரும்பப் பெற முடியாது என்று வசதியுரிமைச் சட்டம், பிரிவு 60 சொல்கிறது. ஏசியும் அலமாரியும் அந்தக் கணக்கில் வராது.

உச்ச நீதிமன்றம் 2012இல் மரியா மார்கரிடா வழக்கில் சொன்னதைப் பெண் தரப்பு வாதத்தின் முதுகெலும்பாக வைத்தார்கள். அன்பின் பேரிலோ நட்பின் பேரிலோ தங்க அனுமதிக்கப்பட்டவர், எத்தனை ஆண்டுகள் இருந்தாலும், அந்தச் சொத்தில் உரிமை பெறுவதில்லை. செல்லத்தக்க வாடகை, குத்தகை அல்லது அனுமதி ஒப்பந்தம் கையில் உள்ளவருக்கே நீதிமன்றம் பாதுகாப்புத் தர முடியும். அது வீட்டு உரிமையாளர் சம்பந்தப்பட்ட வழக்கு. இருந்தாலும், வாடகைதாரர் வழியாக மட்டும் உள்ளே வந்தவருக்கு எதிராக அதே நியாயம் வாடகைதாரருக்கும் கைகொடுக்கும்.

ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் இருந்திருந்தால் இத்தனையும் பொருந்தாது. ஒரு கூட்டு வாடகைதாரர் மற்றவரை அனுமதியில் இருந்தவர் என்று சொல்லி வெளியேற்ற முடியாது. அங்கே உரிமையாளரோடு பேசி இருவரும் ஒப்பந்தத்தை ஒப்படைத்து, ஒருவர் பெயரில் புதிதாக எழுதுவது அல்லது கீழே வரும் குடும்ப வன்முறைச் சட்ட வழி, இவை இரண்டுதான் பயனளிக்கும்.

நடுவர் நீதிமன்ற வழி

வெறுமனே போக மறுப்பது குடும்ப வன்முறை ஆகாது. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் "ஒரு புகார் கொடுத்துவிடுங்கள், வேகமாக முடியும்" என்று யோசனை சொல்கிறவர்கள் நிறையப் பேர். நடக்காததை நடந்ததாக எழுதினால் குறுக்கு விசாரணையில் மனு மட்டும் உடைவதில்லை, உண்மையான துன்பமும் சேர்ந்து பொய்யாகிவிடும். ஆனால் இந்தப் பெண்ணுக்கு நடந்தது வன்முறையே. கை முறுக்கப்பட்டது உடல் வன்முறை. இரவு முழுவதும் வசைபாடி அவமானப்படுத்தியது சொல் மற்றும் உணர்வு வன்முறை. சான்றிதழ்களைப் பறித்து வைத்து வேறு வேலைக்குப் போக முடியாமல் செய்ததைப் பொருளாதார வன்முறையாக வாதிடலாம். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், பிரிவு 3 இவற்றையெல்லாம் உள்ளடக்கியது.

அந்தச் சட்டம் மனைவிக்கு மட்டும் உரியதன்று. "திருமணத்தின் தன்மை கொண்ட உறவில்" வாழ்ந்த பெண்ணும் மனுச் செய்யலாம். அந்த உறவு எது என்பதை உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டிலிருந்து சென்ற வேலுசாமி எதிர் பச்சையம்மாள் வழக்கில் 2010இல் விளக்கியது. இருவரும் சமூகத்தின் முன் கணவன் மனைவி போலத் தங்களைக் காட்டியிருக்க வேண்டும், திருமண வயதை எட்டியிருக்க வேண்டும், திருமணம் செய்துகொள்ளத் தடையில்லாதவர்களாக இருக்க வேண்டும், விரும்பிச் சேர்ந்து கணிசமான காலம் வாழ்ந்திருக்க வேண்டும். 2013இல் இந்திரா சர்மா வழக்கில் இன்னும் நுணுக்கமாக, உறவின் கால அளவு, பணத்தைப் பொதுவாகச் செலவிட்டது, வீட்டுப் பொறுப்புகள், குழந்தைகள், உறவினர் நண்பர் மத்தியில் பழகிய விதம் ஆகியவையெல்லாம் பார்க்கப்படும் என்றது. ஆணுக்கு ஏற்கெனவே மனைவி இருப்பது தெரிந்தே சேர்ந்து வாழ்ந்த பெண்ணுக்கு இந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும் என்பதையும் அதே தீர்ப்பு காட்டுகிறது. அவருக்கு மிஞ்சுவது உரிமையியல் வழக்கு மட்டுமே. வயது வந்த இருவர் மணமாகாமல் சேர்ந்து வாழ்வது குற்றமே அல்ல என்று 2010இல் குஷ்பு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. காவல் நிலையத்தில் யாராவது ஒழுக்கப் பாடம் எடுக்க ஆரம்பித்தால் அந்தத் தீர்ப்பை நினைவூட்டத் தயங்க வேண்டாம்.

பிரிவு 19இன் கீழ், எதிர்மனுதாரர் பகிர்ந்து வாழ்ந்த வீட்டை விட்டு வெளியேற வேண்டும் என்று நடுவர் (மாஜிஸ்திரேட்) உத்தரவிடலாம். அதற்கு வீடு பெண்ணின் சொந்த வீடாக இருக்க வேண்டியதில்லை. வாடகை வீடும் பகிர்ந்து வாழ்ந்த வீடுதான். பிரிவு 23இன் கீழ் இடைக்கால உத்தரவு கேட்கலாம், அவசரமானால் எதிர்தரப்பைக் கேட்காமலேயே. முதல் விசாரணை சாதாரணமாக 3 நாட்களுக்குள் நடக்க வேண்டும் என்றும், 60 நாட்களுக்குள் மனுவை முடிக்க முயல வேண்டும் என்றும் பிரிவு 12 சொல்கிறது. நடைமுறையில் வாய்தாக்கள் நீளும். அதனாலேயே இடைக்கால மனுவில் முழு உழைப்பையும் போட வேண்டும்.

மனு எழுதும்போது பலர் தவறவிடும் ஒரு நுணுக்கம் உண்டு. உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று தண்டிக்கும் பிரிவு 31, "பாதுகாப்பு உத்தரவு" மீறப்படுவதைப் பற்றியே பேசுகிறது. அது பிரிவு 18இன் கீழ் வருவது. பிரிவு 19இன் கீழ் வரும் குடியிருப்பு உத்தரவை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தால், அவர் மறுபடியும் வந்து கதவைத் தட்டும் இரவில் அந்தக் காகிதத்தின் பலம் பற்றிச் சட்டத் தகராறு எழும். ஆகவே இரண்டையும் சேர்த்தே கேட்டார்கள். வெளியேற வேண்டும் என்ற உத்தரவு, கூடவே வீட்டுக்கோ பணியிடத்துக்கோ வரக் கூடாது, எந்த வழியிலும் தொடர்புகொள்ளக் கூடாது என்ற பாதுகாப்பு உத்தரவு. உள்ளூர்க் காவல் நிலைய அதிகாரி உதவ வேண்டும் என்று பிரிவு 19இன் கீழேயே கேட்கலாம், அதையும் கேட்டார்கள்.

மனுவை நேரடியாகவோ, மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் வழியாகவோ தாக்கல் செய்யலாம். பாதுகாப்பு அலுவலர் தயாரிக்கும் குடும்ப நிகழ்வு அறிக்கைக்கு நல்ல மதிப்பு உண்டு. செலவுக்கு அஞ்ச வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, பெண்ணுக்கு வருமான வரம்பு எதுவும் இல்லாமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். 15100 என்ற எண்ணில் கேட்கலாம். பெண்களுக்கான உதவி எண் 181.

காவல் நிலையம்

காவல் துறை வீட்டைக் காலி செய்து தராது, தரவும் கூடாது. "சிவில் விவகாரம்" என்று அவர்கள் சொல்வது அந்த அளவில் சரி. ஆனால் அடித்தது, மிரட்டியது, சான்றிதழ்களைப் பூட்டி வைத்தது ஆகியவை சிவில் விவகாரங்கள் அல்ல. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின்படி காயப்படுத்துவது பிரிவு 115, குற்ற மிரட்டல் பிரிவு 351. புகாரில் "அவரை வெளியேற்றித் தாருங்கள்" என்று எழுதாமல், எந்த நாளில் என்ன நடந்தது என்று மட்டும் எழுத வேண்டும். குறைந்தது ஒரு சி.எஸ்.ஆர். ரசீதாவது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது) வாங்காமல் நிலையத்தை விட்டு வரக் கூடாது. நடுவர் முன் அந்த ரசீதின் தேதி பேசும்.

நோட்டீஸ், அதன் பிறகு வழக்கு

வன்முறை இருக்கும் வீட்டில் வக்கீல் நோட்டீஸை முதலில் அனுப்புவது எனக்கு உடன்பாடில்லை. நோட்டீஸ் கைக்கு வரும் அன்று இரவு அந்தப் பெண் அதே கூரையின் கீழ் அவருடன் இருக்க வேண்டும். அதனால் இங்கே நடுவர் மனு முதலில் தாக்கலானது, இடைக்கால மனு விசாரணைக்கு வந்த பிறகே நோட்டீஸ் போனது. வன்முறை இல்லாத சாதாரண முறிவில் நோட்டீஸ்தான் முதல் படி.

நோட்டீஸின் சாரம் இதுதான்: "மேற்படி வீட்டின் வாடகைதாரர் என் கட்சிக்காரர். அவருடைய அனுமதியின் பேரில் மட்டுமே, தனி அனுபோகம் ஏதுமின்றி, தாங்கள் அங்கே தங்கி வந்தீர்கள். அந்த அனுமதி இதன் மூலம் திரும்பப் பெறப்படுகிறது. இது கிடைத்த 15 நாட்களுக்குள் தங்கள் உடைமைகளை எடுத்துக்கொண்டு வெளியேறி, சாவிகளை ஒப்படைக்க வேண்டும். முன்பணத்தில் தாங்கள் தந்த 40,000 ரூபாய் அன்றே திருப்பித் தரப்படும்." 15 நாள் என்பது சட்டம் விதித்த எண் அல்ல. வசதியுரிமைச் சட்டம், பிரிவு 63 கேட்பது, வெளியேறவும் பொருளை எடுத்துக்கொள்ளவும் நியாயமான அவகாசம். பணத்தைத் திருப்பித் தருவதாக எழுதியது தயவால் மட்டும் அல்ல. "என் பணத்தைத் தின்றுவிட்டாள், அதனால்தான் போகவில்லை" என்ற அவருடைய ஒரே நல்ல வாதம் அதோடு தீர்ந்துவிட்டது. நோட்டீஸுக்குப் பிறகு அவரிடமிருந்து வாடகைப் பங்காக ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. வந்தால் அன்றே திருப்பி அனுப்ப வேண்டும், இல்லையென்றால் அனுமதி புதுப்பிக்கப்பட்டது என்பார்.

அவகாசம் முடிந்தும் போகாவிட்டால் உரிமையியல் நீதிமன்றம். வாடகை நீதிமன்றத்துக்குப் போக முடியாது, அது வீட்டு உரிமையாளருக்கும் வாடகைதாரருக்கும் இடையிலானது. அனுமதி ரத்தானவரை வெளியேறச் சொல்லும் செயலுறுத்துக் கட்டளை கேட்டு வழக்குப் போடலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 1985இல் சந்த் லால் ஜெயின் வழக்கில் ஏற்றுக்கொண்டது. ஒரு நிபந்தனையும் அதில் உண்டு: ரத்து செய்த பிறகு தாமதிக்காமல் வர வேண்டும். எச்சரிக்கையாக, அனுபோகத்தை ஒப்படைக்கும் பரிகாரத்தையும் மாற்றாகச் சேர்த்துக் கேட்பது நல்லது. வழக்கு முடியும் முன்பே வெளியேற்றும் இடைக்கால உத்தரவு அரிதாகத்தான் கிடைக்கும், அதற்கான அளவுகோலை 1990இல் டோராப் கவாஸ்ஜி வழக்கு மிக உயரத்தில் வைத்திருக்கிறது. ஆனால் வழக்குக்குத் தரும் எழுத்துப் பதிலான எதிர்வாதுரையில் "ஒப்பந்தம் அவர் பெயரில் இருந்தது, அவர் அழைத்ததால் நான் வந்தேன்" என்று அவரே ஒப்புக்கொண்டால், நீண்ட சாட்சி விசாரணை இல்லாமலே அந்த ஒப்புதலின் அடிப்படையில் தீர்ப்புக் கேட்க உரிமையியல் நடைமுறைச் சட்டம், ஆணை 12 விதி 6 இடம் தருகிறது. எனவே எதிராளி என்ன எழுதுகிறார் என்பதைக் கூர்ந்து படிக்க வேண்டும்.

இரண்டு நீதிமன்றங்களில் இரண்டு மொழியில் பேசிவிடும் ஆபத்து ஒன்று உண்டு. நடுவரிடம் "கணவன் மனைவி போல வாழ்ந்தோம்" என்றும் உரிமையியல் நீதிமன்றத்தில் "வெறும் நண்பர்" என்றும் எழுதினால் இரண்டுமே கெட்டுப்போகும். உண்மையில் முரண்பாடு எதுவும் இல்லை. உறவு திருமணத்தின் தன்மை கொண்டது, வீட்டின் மீதான உரிமை அனுமதி மட்டுமே. இரண்டு வாக்கியங்களும் இரண்டு மனுக்களிலும் அப்படியே இருக்க வேண்டும். குடும்ப வன்முறைச் சட்டத்தின் பரிகாரங்களை உரிமையியல் வழக்கிலேயே கேட்கவும் பிரிவு 26 அனுமதிக்கிறது. ஓரிடத்தில் பரிகாரம் கிடைத்தால் மற்ற இடத்தில் அதைத் தெரிவிக்க வேண்டும்.

இடையில், கோபத்தில் பெண்ணே வீட்டை விட்டுப் போய்விடும் நிலை வரலாம். உயிருக்கு ஆபத்து என்றால் யோசிக்காமல் போக வேண்டும். முன்பு எப்போதாவது வாழ்ந்திருந்தாலும் அது பகிர்ந்து வாழ்ந்த வீடே என்பதால் மனுச் செய்யும் உரிமை போகாது. ஆனால் ஆபத்து இல்லாதபோது அவரை உள்ளே விட்டுவிட்டு மாதக்கணக்கில் வெளியே தங்குவது கெடுதல். வாடகைப் பொறுப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவருக்கே தொடரும். வீட்டை வேறொருவர் கையில் விட்டுவிட்டார் என்று உரிமையாளரும் திரும்பலாம்.

தலைகீழாக இருந்தால்

ஒப்பந்தம் ஆணின் பெயரில், போக மறுப்பவர் பெண் என்றால் பாதை வேறு. குடும்ப வன்முறைச் சட்டம், பிரிவு 19இன் கீழ் வெளியேறும் உத்தரவை எந்தப் பெண்ணுக்கு எதிராகவும் பிறப்பிக்க முடியாது. உறவு திருமணத்தின் தன்மை கொண்டதாக இருந்தால், சட்ட நடைமுறை இல்லாமல் அவரை வெளியேற்றக் கூடாது என்று பிரிவு 17 காக்கிறது. மாற்று வீடோ அதற்கான வாடகையோ தரும்படி நடுவர் ஆணுக்கு உத்தரவிடலாம். இது நியாயமான ஏற்பாடு என்றே நினைக்கிறேன். வேலையை விட்டுவிட்டு, ஊரை விட்டு வந்த பெண்கள் பலர். அப்படிப்பட்ட ஒருவரை 15 நாள் நோட்டீஸில் தெருவில் நிறுத்துவதைச் சட்டம் தடுக்கத்தான் வேண்டும். அந்த ஆணுக்கு என் யோசனை, வழக்கை விட முதலில் சில மாத மாற்று வாடகையோடு ஒரு சமரசத்தை முன்வைப்பது.

முடிந்த விதம்

இந்த நிகழ்வில் நடுவர் முதலில் தொடர்பு கொள்ளவும் துன்புறுத்தவும் தடை விதித்து இடைக்கால உத்தரவு தந்தார். சான்றிதழ்களைத் திருப்பித் தரவும் சொன்னார். வெளியேற்றும் கோரிக்கை அடுத்த வாய்தாவுக்குப் போனது. உரிமையாளரின் கடிதமும் நோட்டீஸும் தாக்கலான பிறகு எதிர்தரப்பு வழக்கறிஞரே பேச முன்வந்தார்.

பேசி முடித்த சமரச ஒப்பந்தத்தை முத்திரைத்தாளில் எழுதி வீட்டிலேயே வைத்துக்கொள்ளாமல், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தின் மூலம் மக்கள் நீதிமன்றத்தில் பதிவு செய்தார்கள். அங்கே பிறக்கும் தீர்வு நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு இல்லை, அவர் வாக்கு மாறினால் நேரே நிறைவேற்று மனு போடலாம். வெளியேறும் தேதி, எடுத்துச் செல்லும் பொருள்களின் பட்டியல், 40,000 ரூபாய் வங்கி வழியாகச் சாவி ஒப்படைக்கும் அன்றே போவது, ஆதார் முகவரியையும் எரிவாயு இணைப்பையும் மாற்றிக்கொள்வது எல்லாம் அதில் எழுதப்பட்டன.

அவர் போன அன்று, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் ஒவ்வொரு அறையும் காணொளியாக எடுக்கப்பட்டது. சாவி பெற்றுக்கொண்டதற்கும் பணம் பெற்றுக்கொண்டதற்கும் ஒரே தாளில் இருவரும் கையெழுத்திட்டார்கள். அதன் பிறகு, உரிமையாளருக்குத் தெரிவித்துவிட்டு, பூட்டு மாற்றப்பட்டது. உரிமையியல் வழக்கு போட வேண்டிய தேவையே வரவில்லை. நடுவர் மனுவைத் திரும்பப் பெறும்படி எதிர்தரப்பு கேட்டது. பெண் மறுத்தார், மறுத்தது சரி. வெளியேறும் கோரிக்கை மட்டும் கைவிடப்பட்டது. தொடர்பு கொள்ளக் கூடாது என்ற தடை இறுதிப் பாதுகாப்பு உத்தரவாக மாறியது. குடும்ப வன்முறைச் சட்டம், பிரிவு 25இன்படி, அதை நீக்கும்படி அந்தப் பெண்ணே மனுச் செய்யும் வரை அது நடைமுறையில் இருக்கும்.